முதல் தடவை பால் ஊற்றியபோது

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு தடவை பால் ஊற்றினோம். இரண்டாவது தடவைதான் அவள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாள். அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். முதல் தடவை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சாகக் கிடந்தால் சொந்தபந்தமெல்லாம் வந்து ஆளுக்கு ஒரு கரண்டி பால் வாயில் ஊற்றுவார்கள். அந்தப் பால் இறங்கினால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்று நம்பிக்கை. அப்பா பரளச்சியிலிருந்து போன் செய்து சொன்னது ஒரே வரிதான்: "பாப்பா, அப்பத்தாவுக்குப் பால் ஊத்த வந்துரு." நான் மதுரையில் ஆபீஸில் இருந்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். ஏனென்றால் அவளுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அதைக் காப்பாற்றவில்லை.

நாங்கள் மதுரையில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோது அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. புகையில் உட்காரக் கூடாது, தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன் அப்பத்தா, நம்ம வீட்டுல வந்து பத்து நாள் இரு" என்றேன். அந்த அடுத்த வாரம் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது. ஆபீஸில் ஆடிட்டு, பையனுக்குப் பரீட்சை, வெயில், மழை, எனக்கு முதுகுவலி. ஒவ்வொரு தடவையும் போனில், "சரித்தா, ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்பாள். ஒரு தடவையாவது வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். ஊரில் அத்தனை பேரையும் திட்டுகிறவளுக்கு என்னைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை.

காரியாபட்டி தாண்டும்வரை பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவளை நினைத்தேன். நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது, என்ன செய்ய.

அப்பத்தாவின் வயது யாருக்கும் தெரியாது. முதியோர் பென்ஷனுக்கு எழுதியபோது எழுபத்தைந்து என்றாள். நூறு நாள் வேலைக்கு ஆள் எடுத்தபோது, "இப்பத்தான் அறுபது முடிஞ்சிருக்கு" என்றாள். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே அதிகாரி. "பாட்டி, போன மாசம் வேற சொன்னீங்களே" என்று அவர் கேட்டதற்கு, "அது பென்ஷனு வயசு, இது வேல வயசு" என்றிருக்கிறாள். அவரும் எழுதிக்கொண்டார் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் தனக்கு ஒரு சீட்டு, தன் பைக்கு ஒரு சீட்டு. டிவி சீரியலில் வரும் மாமியாரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டி, மறுநாள் அதற்கு மருந்தும் வாங்குவாள்.

தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் செய்யாத வேலை இல்லை. மானாவாரிக் காட்டில் மிளகாய், பருத்தி. மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் வேகவிட்டுக் கரி எடுக்கிற வேலை அது. மூட்டம் பிரித்துவிட்டு வரும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும். சின்னப் பிள்ளையில் நான் பயந்து அழுதால், "ஏத்தா, அழுகாத, அப்பத்தா பவுடர் போட்டு வந்திருக்கேன்" என்பாள். அவள் கஷ்டப்பட்டாள் என்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பத்தா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். காய்ச்சல் விட்டும் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?" என்று அப்பா மேல் பாய்ந்தேன். "கொண்டுபோனா நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவேன்னு சொல்லிட்டா. தூக்கப் போனா கையக் கடிக்கிறா" என்று அப்பா கையைக் காட்டினார். நிஜமாகவே பல் தடம் இருந்தது, இருக்கிற நாலு பல்லுக்கும் தனித்தனியாக. ஊரில் நாடி பார்க்கிற பெரியவர் வந்து, "ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, சொல்ல வேண்டியவுகளுக்குச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பந்தல்குடியில் கட்டிக்கொடுத்த அத்தை கரண்டியும் பாலுமாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் சொந்தக்காரர்கள் இருபது பேராவது பால் ஊற்றியிருப்பார்கள். அப்பத்தா அத்தனையையும் விழுங்கினாள். ஒரு சொட்டு வெளியே வழியவில்லை. மறுநாள் காலையில் அவள் முகத்தில் முந்தைய நாளைவிடத் தெளிச்சி தெரிந்தது. பத்து நாளில் அவள் வயிற்றுக்குள் போன உருப்படியான முதல் ஆகாரமே அந்தப் பால்தான் என்பது அங்கே ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை, என் மண்டையிலும்தான்.

இரண்டு நாள் தாண்டியது. நாடி பார்த்தவர் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்தாவுக்கு என்னமோ ஆச இருக்குடா. அதான் உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

சாகக் கிடப்பவருக்கு ஏதாவது ஆசை மிச்சம் இருந்தால் உயிர் போகாது என்பார்கள். மண்ணாசை என்றால் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்ற வேண்டும். பொன்னாசை என்றால் தங்கத்தை உரசி. பணத்தாசை என்றால் காசைக் கழுவி. அப்பா உடனே காட்டுக்குப் போய் ஒரு கை கரிசல் மண் கொண்டுவந்தார். சொம்புத் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு கரண்டி ஊற்றினார். அப்பத்தா முகத்தைச் சுளித்து, "ப்பூ" என்று துப்பினாள். அப்பாவின் சட்டையெல்லாம் கரிசல்.

"மண்ணு இல்ல" என்றாள் அத்தை, பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரி. அடுத்து தன் மோதிரத்தைக் கழற்றிக் கல்லில் உரசினாள். இப்போது தங்கம் விற்கிற விலையில் அவளுக்கு ரெண்டு இழுப்புக்கு மேல் உரச மனசு வரவில்லை. அந்தத் தண்ணீரை அப்பத்தா விழுங்கினாள், அவ்வளவுதான். பிறகு அப்பா ஒரு பத்து ரூபாய்க் காசைக் கழுவினார். "அப்பா, அந்தக் காச நம்மூரு பஸ்ஸுலயே வாங்க மாட்டேங்குறாக, அப்பத்தாகிட்ட எப்படிச் செல்லும்?" என்றேன். அத்தை என்னை முறைத்தாள். நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டியது. உள்ளே குறுகுறுத்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. என்ன ஆசை என்று ஓரளவுக்கு எனக்குத் தெரியும். சொல்லத்தான் தைரியம் இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். அப்பத்தாவோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும் தாயி நீ" என்று ஆரம்பித்தார். "போன வருசம் ஒன் வீட்டுக்கு வந்துட்டுப் போச்சுல்ல, அதத்தான் வாய் ஓயாமச் சொல்லும். கொழாயத் தொறந்தா சுடுதண்ணியாம்ல. மாடியில நின்னா மீனாச்சி கோயிலு கோபுரம் தெரியுதாம்ல. நீ ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு நாலு நாளும் கூடவே இருந்து, பூரி சுட்டுக் குடுத்தியாம்ல. எங்க பேத்திகளும் இருக்காளுகளே."

அப்பத்தா என் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அவர்கள் காயப்போட்ட நைட்டிகளும்தான் தெரியும். கோபுரமாவது ஒன்றாவது.

அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெரியம்மா எழுந்து போனதும் மெதுவாகச் சொன்னாள்: "போன வருசம் நாலு நாளு என் வீட்டுக்குப் பந்தல்குடிக்கு வந்து கெடந்துச்சு. இங்க வந்தத ஊருல யாருகிட்டயும் சொல்லிராதன்னு சத்தியம் வாங்குச்சு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் பிள்ள, ஒன் வீட்டுக்கு ஆத்தா வந்ததே இல்லையா?"

"இல்லத்த" என்றேன்.

"அடிப்பாவி" என்றாள்.

ஊரார், "பேத்தி கூட்டிட்டுப் போகலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள். பேத்தியை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், மகள் வீட்டில் நாலு நாள் ஒளிந்து இருந்துவிட்டு வந்து, நான் சுடாத பூரியை ஊருக்கெல்லாம் பரிமாறியிருக்கிறாள். வயதை மாற்றிச் சொன்னபோதெல்லாம் சிரித்தேன். இந்தப் பொய்க்குச் சிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் காதில் சொன்னேன்: "அப்பத்தா, கெளம்பு. நம்ம வீட்டுக்கு மதுரைக்குப் போவோம். நான் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

ஆபரேஷன் செய்த கண் மட்டும் திறந்தது.

"காரா, பஸ்ஸா?" என்றாள்.

அப்பா சொம்பைக் கீழே போட்டார். அத்தை, "ஏ ஆத்தா" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எவடி அவ எழவு வீடு மாதிரி அழுகுறது?" என்றாள் அப்பத்தா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் அதட்டல் குறையவில்லை. அடுத்ததாக அப்பாவைப் பார்த்து, "ஏன்டா, எனக்கு மண்ணா கரைச்சு ஊத்துன?" என்றாள். மூன்று நாளும் அவளுக்கு எல்லாமே காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

காரில்தான் கூட்டிப்போனேன், ஆனால் நேராக மதுரைக்கு இல்லை. "வீட்டுக்குப் போற வழியில ஆஸ்பத்திரி" என்று சொன்னதும் யாரையும் கடிக்காமல் ஏறிக்கொண்டாள். அருப்புக்கோட்டையில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் உப்பு ரொம்பக் குறைந்துவிட்டதாம், சாப்பிட்டால் சரியாகிவிடுமாம். இதற்குத்தான் ஊரே கூடிப் பால் ஊற்றியது.

தைப் பொங்கல் முடிந்து, நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு மதுரைக்கு வந்தாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"கோபுரம் எங்கிட்டுத்தா இருக்கு?"

"இங்கருந்து தெரியாது அப்பத்தா."

கையை இறக்கினாள். "சரி, ஊருல யாருகிட்டயும் சொல்லிராத" என்றாள்.

வந்த அன்றே பூரி சுட்டுக் கொடுத்தேன். எண்ணெய் ஜாஸ்தி என்றாள், ஆறு தின்றாள். முதல் வாரம் வீடு திருவிழாவாக இருந்தது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து மூடினாள். எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் விசாரித்தாள். நான் இரண்டு வருடமாக அந்தத் தெருவில் போய் வருகிறேன். எனக்குத் தெரியாத சங்கதிகளை அவள் ஏழு நாளில் தெரிந்துகொண்டாள். நான் ஒரு நாள் லீவு போட்டேன். ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுவேன், வர ஏழாகிவிடும். அவளுக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, டிவியைப் போட்டுவிட்டுப் போவேன்.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தாள். "ஏத்தா, மாசி பொறந்துருச்சு. காட்டுல மொளகாப் பழம் எடுத்துக்கிட்டு இருப்பாக. ஒங்கப்பனுக்கு ஒழுங்காக் காயப் போடத் தெரியாது. என்னையக் கொண்டுபோயி விட்டுரு."

"விடுறேன் அப்பத்தா. அடுத்த வாரம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தபோது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரித்தா, ஒனக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றாள். அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். கணக்கு வருஷக் கடைசி, ஆபீஸில் லீவு கேட்டால் மூஞ்சியைக் காட்டுவார்கள். கூட்டிவந்ததுதான் பெரிய காரியம், கொண்டுபோய் விடுவது எப்போது விட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

அதற்கடுத்த புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ச்மேனுக்குப் போட்டேன். "பாட்டி காலையில பத்து மணிக்கே சாவியக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்னு கெளம்பிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஆபீஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். வீட்டுக்காரர் பைக்கில் இன்னொரு பக்கம் தேடினார். சாயங்காலம் ஆறு மணிக்கு, மிளகாய்ப் பழம் எடுக்க ஊருக்கு வந்திருந்த அத்தையிடமிருந்து போன். "ஆத்தா பரளச்சிக்கு வந்து சேந்துருச்சு. டவுன் பஸ்ஸாவே மாறி மாறி ஏறி வந்திருக்கு. பொம்பளைகளுக்கு டிக்கெட்டு இல்லைல்ல, காசு குடுத்து வர நான் என்ன கேணச்சியான்னு கேக்குது."

மறுநாள் வெள்ளெனவே கிளம்பிப் போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அப்பத்தா களத்தில் காய்கிற மிளகாய்ப் பழத்துக்கு நடுவில் உட்கார்ந்து கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். நின்ற வாக்கிலேயே கத்தினேன். "உசுரோட இருக்கியா இல்லையான்னு தெரியாம நேத்து பூராம் தெருத் தெருவா அலைஞ்சேன். ஒரு வாரம் பொறுக்க முடியாதா ஒனக்கு? அடுத்த வாரம் கொண்டாந்து விடுறேன்னு சொன்னேனா இல்லையா?"

அவளுக்குக் கோபமே இல்லை. புரட்டுகிற கையும் நிற்கவில்லை. "சொன்னத்தா. நீ செய்யமாட்டன்னு நான் சொல்லலையே. கூட்டிட்டுப் போறேன்ன, கூட்டிட்டுப் போன. ரெண்டு வருசமாச்சு, ஆனாலும் செஞ்ச. கொண்டாந்து விடுறதுக்கும் ஒரு ரெண்டு வருசம் ஆகும்ல? அம்புட்டு நாளு எங்கிட்ட இல்லத்தா" என்றாள்.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குத்திக்காட்டவில்லை. வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை. நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "நெடி ஏறுது பாரு, தள்ளி உக்காரு" என்றாள். நெடியில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அங்கிருந்தே ஆபீஸுக்குப் போன் செய்து வரமாட்டேன் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். நாலு நாள் இருந்தேன். அவளோடு மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன், சீரியல் மாமியாரைத் திட்டினேன், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கோபுரம் எங்கள் மாடியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று விலாவாரியாகச் சொன்னேன். ஐந்தாம் நாள் காலையில் அவளே என் பையை எடுத்து வாசலில் வைத்து, "போதும், போயி ஒன் பொழப்பப் பாரு, இங்க சோறு கட்டுபடியாகல" என்று விரட்டினாள்.

பங்குனி முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த நாலு நாளை அன்றைக்கு எடுக்காமல் திரும்பியிருந்தால் அதுவும் ஓர் அடுத்த வாரமாகவே நின்றிருக்கும்.